ஒட்டுக்கேட்பவன்

இரவு ஒன்றரைக்கு மேல்தான் எனக்கு வேலை.
கடைசிப் பேருந்தும் பணிமனைக்குள் போய்ப் படுத்த பிறகு
கிளமெண்டியில் ஒரு வால்வு மூடியைத் திறந்து
இரும்புக் கோலை ஊன்றி
மறுமுனையில் காதை வைப்பேன்.
நல்ல குழாய் வாய் திறக்காது.
ஓட்டை விழுந்ததோ
சரியாக மூடாத குக்கர்போல
ஸ்ஸ்ஸ் என்று தன்னையே காட்டிக்கொடுக்கும்.
அந்த ஸ்ஸ்ஸுக்குத்தான் சம்பளம்.

எட்டாம் மாடி ரொஸ்னானி
செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் காலைப் படகில் போகிறவர்.
கடலடியில் ஒலிவாங்கி கட்டியிருக்கிறார்களாம்.
மின்தூக்கியில் ஒருநாள் கேட்டார்:
‘அபாங், உங்கள் காதைக் கொஞ்சம் கடன் தருவீர்களா?’
கைப்பேசியில் வந்து விழுந்தது
நாற்பது நிமிடக் கடல்.

முதலில் கடுகு வெடித்தது.
எண்ணெய் காய்ந்த சட்டியில்
கைநிறைய அள்ளிப் போட்டாற்போல், ஓயாமல்.
இறால், என்றார் ரொஸ்னானி.
விரல்நீள இறால் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம்.
அதன்மேல் கப்பல்கள்.
ஒன்று போய் மறைவதற்குள் அடுத்தது,
அதன் முதுகில் இன்னொன்று.
கழற்றி வைத்துவிடலாம் என்று கையெடுத்தேன்.

பதினேழாம் நிமிடம்:
டிக்.
டிக் டிக்.
டிக்டிக்டிக்டிக்
புள்ளிகள் நெருங்கி நெருங்கிக் கோடாகி
கதவுக் கீல்போல ஒரு கிறீச்.
தூக்கத்தில் இருப்பவன்போல
என் கை கோலைத் தேடியது.

முப்பத்தொன்றிலும் ஒன்று இருக்கிறது என்று எழுதினேன்,
கனத்த குரல், தாயாக இருக்கலாம்.
வரைபடத்தில் சரிபார்த்துப் பதில் போட்டார்:
அது நங்கூரச் சங்கிலி.
பதினேழு சரி. ஓங்கில்.
இரண்டாகவும் இருக்கலாம்.

தொழில்புத்தி போகுமா,
அது எந்தத் தண்ணீரைக் குடிக்கும் என்று கேட்டேன்.
குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், என்றார்.
தின்ற மீனின் சதைக்குள் இருக்கும் ஈரம்,
கொழுப்பு எரிகையில் உடம்பே உண்டாக்கும் ஈரம்,
அதை வைத்தே ஆயுள் முழுக்க.
சிறுநீரில்கூடச் சிக்கனம்.

அன்று பல் துலக்கும்போது குழாயை மூடினேன்.
பிறகு மறந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் கட்டணச் சீட்டு வந்தது.
எங்கள் வீட்டுக் கம்பம்
அக்கம்பக்கத்துக் கம்பத்தைவிட
இரண்டு விரற்கடை உயரம்.
‘ஊர்க் குழாயெல்லாம் ஒட்டுக்கேட்கிற ஆளு...’
குமுதினி வாக்கியத்தை முடிக்கவில்லை.
கழிவறைத் தொட்டியில்
ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டாள்.
யாரும் அழுத்தக்கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டினாள்.
பக்கத்து அறையில் மகன் காலைக் காலை மாற்றிக்கொண்டு நின்றான்.
கால் மணி நேரம்.
வெள்ளைப் பீங்கானில்
மெல்லிய ஆரஞ்சு நூல் ஒன்று
இறங்கிக்கொண்டே இருந்தது.
மண்டியிட்டுக் காதை வைத்தேன், ஆமாம், அங்கேதான்.
ஒன்றும் கேட்கவில்லை.

மழை தந்தது,
பாலம் தாண்டிக் குழாயில் வந்தது,
கடலிடமிருந்து உப்பைப் பிரித்தது,
ஒருமுறை நம்மைக் கடந்து போனதையே
சலித்தெடுத்துப் புதுநீர் என்று பெயரிட்டது.
இதில் எது அந்த நூலில் போனதோ.

ரப்பர் வளையம் இரண்டு வெள்ளி அறுபது காசு.
மாற்ற ஆறு நிமிடம்.
எத்தனை மாதமாக என்று அவள் கேட்கவில்லை.

இன்றிரவு பாசிர் பாஞ்சாங்.
கோலின் முனையில் குழாய் நல்ல உறக்கத்தில்.
சாலைக்கு அப்பால் கிடங்கு,
கிடங்குக்கு அப்பால் பாரந்தூக்கிகள்,
அதற்கும் அப்பால்தான் அது.
இரும்பு வழியாக இவ்வளவு தூரம் கேட்காது,
தெரியும்.
லாரியிலிருந்து சியாங் இரண்டாம் முறையாக ஹாரன் அடிக்கிறார்.
கையை மட்டும் உயர்த்துகிறேன்,
காதை எடுக்கவில்லை.